நரம்புக் கணத்தாக்கமும் பிரதிபலிப்புக் கொள்கையும்: சில குறிப்புகள்

இலக்கியம் வாழ்க்கையைப் பிரதிபலிக்கின்றது என்னும் கூற்று ஈழத்துத் தமிழ் விமர்சன உலகில் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக வழங்கி வருகின்றது. 1954ஆம் ஆண்டு இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றியதைத் தொடர்ந்து யதார்த்தவாதம் பற்றி எழுந்த விவாதங்களிலே இக்கூற்று ஒரு போர்க்கருவியாகப் பயன்பட்டது. கலை கலைக்காகவே என்று வாதிட்டோரை எதிர்கொள்வதற்கு அக்காலத்தில் அது வேண்டியிருந்தது; அதன் வரலாற்றுப் பங்களிப்பை எவரும் குறைத்து மதிப்பிடுதல் இயலாது. ஆயினும் நெடுங்காலம் வழக்கிலிருந்து தேய்ந்துபோகும் கருத்துகளுக்கு நேர்வது இதற்கும் நேர்ந்துள்ளது. பிரதிபலிப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்முட் பலர் ஒரு கண்ணாடியையே மனத்திற் கொள்கின்றனர். வெளியே உலகம், உள்ளே அதன் உருவம், இடையே மாசுமறுவற்ற ஒரு தளம் என்பதே அவர்களது சித்திரம். அறிவு பற்றிய பொருள்முதல்வாதக் கொள்கை என்றாலே இச்சித்திரந்தான் என எண்ணி அதனை ஏற்போரும் உளர். அதே காரணத்திற்காக அதனை மறுப்போரும் உளர்.

இச்சித்திரம் எவ்வளவு தூரம் உண்மையானது என்பதை அறிய ஒரு வழி உண்டு. வெளியுலகம் உடலைத் தொடும் முதலாவது இடத்திலே என்ன நிகழ்கின்றது என்று பார்த்தலே அது. நரம்புக் கலம் தூண்டலை எவ்வாறு உணர்கின்றது, உணர்ந்ததை எவ்வாறு கடத்துகின்றது என்பது குறித்து உடற்றொழிலியலாளர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துப் பெற்ற முடிவுகள் நம் கைவசம் உள்ளன. இலக்கிய மாணவன் ஒருவன் இத்துறையிற் புகுவது அத்துமீறலாகத் தோன்றலாம். ஆனால் ‘உணர்வு’, ‘அனுபவம்’, ‘புலன்’ ஆகிய சொற்களை நாள்தோறும் கையாளும் துறை எமது. அச்சொற்களின் பௌதிக அடிப்படையை அறியாமற் கையாளுவதே உண்மையான அத்துமீறல் என்பது என் கருத்து.

1791ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோஞா நகரத்து உடற்கூற்றியற் பேராசிரியரான லுயிஜி கல்வானி, தவளையின் கால்களிற் செய்த பரிசோதனைகளை வெளியிட்டார். இறந்த தவளையின் நரம்பையும் தசையையும் இருவேறு உலோகங்களால் இணைத்தபோது கால் துடித்தது. உயிரினத்தின் உள்ளேயே மின் உண்டு என்பது அவரது முடிவு. பாவியா நகரத்துப் பௌதிகப் பேராசிரியர் அலெசான்றோ வோல்ற்றா அதனை மறுத்தார். மின் உலோகங்களின் தொடுகையிலிருந்து பிறப்பது. தவளையின் கால் அதனைக் காட்டும் ஒரு கருவி மாத்திரமே என்றார் அவர். இம்மறுப்பை நிலைநாட்டும் முயற்சியின் விளைவாகவே 1800ஆம் ஆண்டில் வோல்ற்றாவின் மின்னடுக்கு உருவாயிற்று. எனினும் 1794இலேயே கல்வானியின் தரப்பினர் உலோகம் எதுவுமின்றி, ஒரு தவளையின் நரம்பை நேரடியாகத் தசையின்மீது படவிட்டுத் துடிப்பை உண்டாக்கியிருந்தனர். இருவரும் தத்தம் அளவிற் சரியாகக் கண்டனர். இருவரும் மற்றவரை மறுத்ததிலே தவறினர்.

இவ்விடத்தில் ஒரு செய்தி மனங்கொள்ளத்தக்கது. நெப்போலியனின் படைகள் நிறுவிய சிசல்பைன் குடியரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தமையால் கல்வானி பதவியிழந்து 1798இல் மறைந்தார். வோல்ற்றாவோ 1801இற் பாரிஸ் நகரில் நெப்போலியன் முன்னிலையிலே தம் கண்டுபிடிப்பை விளக்கிப் பெருமதிப்புப் பெற்றார். பின்னர் பிரபுப் பட்டமும் எய்தினார். புதிய அரசை மறுத்த பக்திமானிடமும் விஞ்ஞான உண்மையின் ஒரு பாதி இருந்தது. அரசியல் நிலைப்பாட்டைக் கொண்டு ஒருவரின் ஆய்வு முடிவை அளக்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லையாதலின் இதனைச் சுட்டுகின்றேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வாய்வின் மையம் பேர்லினுக்கு நகர்ந்தது. அங்கு கற்பித்த யோகான்னஸ் முல்லர் சிறந்த அவதானி. ஆயினும் பௌதிக, இரசாயன விதிகளுக்கு அப்பாற்பட்ட ஓர் உயிர்விசை உண்டு என நம்பியவர். நரம்பிற் செய்தி செல்லும் வேகத்தை அளக்க மனிதனால் ஒருபோதும் இயலாது என்றும் அவர் கருதினார். அவரிடம் கற்ற இளைஞர் சிலர், உயிரினத்திற் பௌதிக, இரசாயன விசைகளன்றி வேறெவையும் செயற்படுவதில்லை என்பதை நிலைநாட்டுவதெனத் தமக்குள் உறுதி பூண்டனர். அவருள் ஒருவரான எமில் டு புவா றேமோன் 1840களில், நரம்பு தொழிற்படும்போது அதன் மின்னிலை மாறுவதை நுண்ணிய கருவியாற் காட்டினார். மற்றொருவரான ஹேர்மன் ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1850ஆம் ஆண்டு, ஆசிரியர் இயலாதென்று கருதியதைச் செய்து முடித்தார். தசைக்கு அருகேயும் அதிலிருந்து சற்றுத் தொலைவிலுமாக நரம்பின் ஈரிடங்களைத் தூண்டித் தசை சுருங்க எடுத்த நேரங்களை அவர் ஒப்பிட்டார். தவளையின் நரம்பிற் செய்தி செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர் வேகத்திலேயே செல்கின்றது என்பது தெரியவந்தது. ஒளியின் வேகத்தை எதிர்பார்த்தவர்களுக்கு இது பேரதிர்ச்சி. ஓடும் குதிரையைவிடச் சற்று விரைவு, அவ்வளவே. விரல் நுனியிலே பட்டதை நாம் அறிவதற்கு நேரம் செல்கின்றது. அந்நேரத்தை அளக்க முடிகின்றது. அளக்கக்கூடிய நேரத்திலே நிகழ்வது பௌதிக நிகழ்ச்சியன்றி வேறாதல் அரிது.

இந்த அளவீடு நடந்த காலத்திலே, 1848இல் மானிப்பாய்க்கு வந்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கியிருந்தார் அமெரிக்க மிசன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிறீன். பின்னர் அவர் தமிழையே போதனா மொழியாகக் கொண்டு, உடலமைப்பும் உடற்றொழிலும் பற்றிய நூல்களைத் தமிழாக்கினார். உடலைப் பற்றிய புதிய அறிவு உருவாகிக்கொண்டிருந்த அதே தலைமுறையில் அது தமிழிற் சொல்லப்பட்டது என்பது, தமிழில் விஞ்ஞானம் எழுதத் தயங்குவோர் நினைவிற் கொள்ளவேண்டிய ஒன்று.

இனி நரம்புக் கலத்தினுட் செல்வோம். ஏனைய கலங்களைப் போலவே அதற்கும் ஓர் உடலும் கருவும் உண்டு. அதன் சிறப்பு வடிவத்தில் உள்ளது. உடலிலிருந்து பல கிளையிழைகள் பிரிந்து செய்தியைப் பெறுகின்றன. நீண்ட ஒற்றை நரம்பிழை ஒன்று செய்தியை வெளியே கொண்டு செல்கின்றது. முள்ளந்தண்டின் அடிப்பகுதியிலுள்ள ஒரு கலத்தின் இழை பாதம் வரையில், ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத்துக்கு, நீண்டிருக்கும். கலத்தைச் சூழ்ந்துள்ள மென்சவ்வின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஏழு அல்லது எட்டுப் பங்கேயாகும். கதையின் பெரும்பகுதி இந்த மெல்லிய சுவரிலேதான் நிகழ்கின்றது.

சவ்வின் உட்புறத்திலே பொற்றாசியம் அயன்கள் மிகுதி. வெளிப்புறத்திலே சோடியம் அயன்கள் மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வு தானாக அமைந்ததன்று. சவ்விற் பதிந்துள்ள ஒரு புரதம், மூன்று சோடியம் அயன்களை வெளியேற்றி இரண்டு பொற்றாசியம் அயன்களை உட்கொணரும் வேலையை இடையறாது செய்கின்றது. அதற்குக் கலத்தின் சக்தி செலவாகின்றது. டென்மார்க்கைச் சேர்ந்த ஜென்ஸ் ஸ்கூ 1957இல் இதனைக் கண்டறிந்தார். உடல் நிறையில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கேயான மூளை, ஓய்வுநிலையில் உடல் செலவிடும் சக்தியில் ஐந்திலொரு பங்கை எடுத்துக்கொள்வதற்கு இத்தகைய வேலையே முக்கிய காரணம். ஓய்விலிருக்கும் நரம்பு என்கிறோமே, அந்த ஓய்வும் உழைப்பினாற் பேணப்படுவதே.

ஓய்வுநிலையிற் சவ்வு பொற்றாசியத்தை ஓரளவு கசியவிடும். சோடியத்தைப் பெரும்பாலும் தடுக்கும். நேரேற்றமுடைய பொற்றாசியம் வெளியே கசிவதால் உட்புறம் எதிரேற்றம் பெறுகின்றது. உள்ளுக்கும் வெளிக்குமிடையே ஏறத்தாழ 70 மில்லிவோற்று அழுத்த வித்தியாசம் நிலைகொள்கின்றது. எண்ணளவில் இது அற்பமாகத் தோன்றும். ஆனால் அச்சுவரின் தடிப்பை மனத்திற்கொண்டு கணித்தால், சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் வோற்று என்ற அளவிலான மின்புலம் அங்கே நிற்கின்றது. நாணேற்றிய வில்லைப் போன்றது நரம்பின் ஓய்வு.

தூண்டல் ஒன்று இந்த வித்தியாசத்தைச் சிறிதளவு குறைக்கட்டும். பத்து மில்லிவோற்று குறைந்தால் பெரிதாக எதுவும் நிகழாது. நிலைமை பழையபடி மீளும். ஏறத்தாழ பதினைந்து குறைந்தால் நிலைமை தலைகீழாகின்றது. அழுத்த மாற்றத்தை உணர்ந்து திறக்கும் சோடியம் கால்வாய்கள் சவ்வில் உள்ளன. சில திறந்து சோடியம் உட்புகும். அதனால் வித்தியாசம் மேலும் குறையும். அக்குறைவு மேலும் பல கால்வாய்களைத் திறக்கும். விளைவே காரணமாகி வளரும் இச்சுழற்சியால் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கினுள் உட்புறம் எதிரேற்றத்திலிருந்து நேரேற்றத்துக்குத் தாவுகின்றது. உடனே சோடியம் கால்வாய்கள் தாமாகவே அடைத்துக்கொள்கின்றன. சற்றுப் பிந்தித் திறக்கும் பொற்றாசியம் கால்வாய்கள் பழைய நிலையை மீட்கின்றன. இதுவே கணத்தாக்கம். எல்லையைத் தாண்டாத தூண்டலுக்குக் கணத்தாக்கம் இல்லை. தாண்டிய தூண்டல் எவ்வளவு வலியதாயினும் கணத்தாக்கத்தின் அளவு ஒன்றே. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்ற எங்கெல்சின் கூற்றுக்கு எடுத்துக்காட்டாகக் கொதிக்கும் நீரையே நாம் திரும்பத் திரும்பச் சொல்லிவருகின்றோம். நம் ஒவ்வோர் அசைவிலும் நிகழும் இதனையும் சொல்லலாம். ஆனால் எடுத்துக்காட்டு நிரூபணமாகாது. கால்வாய்களின் தொழிற்பாட்டை விளக்குவது பரிசோதனையே. இயக்கவியலின் பெயரை உச்சரித்தலன்று.

ஓரிடத்தில் எழுந்த கணத்தாக்கம் அடுத்த இடத்தின் அழுத்தத்தை எல்லைக்கு மேலே தள்ளுகின்றது. அங்கும் கால்வாய்கள் திறக்கின்றன. திரியிலே தீ செல்வது போன்ற இச்செலவில் ஒரு வேறுபாடு உண்டு: எரிந்த திரி சாம்பலாகும், நரம்போ சில கணங்களில் மீண்டும் ஆயத்தமாகின்றது. அந்தச் சில கணங்களில் கடந்துவந்த பகுதி தூண்டலை ஏலாதிருப்பதாற் கணத்தாக்கம் பின்னோக்கித் திரும்புவதுமில்லை. கொழுப்பாலான மயலின் உறை சுற்றிய இழைகளிற் கணத்தாக்கம் உறையின் இடைவெளிக்கு இடைவெளி தாவிச் செல்வதால் வேகம் செக்கனுக்கு நூறு மீற்றரைத் தாண்டவும் கூடும். உறையில்லாத மெல்லிய இழைகளில் அது ஒரு மீற்றர் அளவிலேயே நிற்கும். கல்லிற் காலை இடித்துக்கொண்டவர் முதலிற் சுரீரென்ற நோவையும், சிறிது பொறுத்து அடங்காத வலியையும் உணர்வது இவ்விருவகை இழைகளின் வேக வேறுபாட்டினாலேயே.

இவ்வளவையும் அறியத் துணைநின்றது கணவாய். ஊசிக்கணவாய் இனங்கள் சிலவற்றில் ஒரு மில்லிமீற்றர் வரை தடிப்புள்ள நரம்பிழை இருப்பதை ஜே. இசட். யங் 1936இல் எடுத்துக்காட்டினார். அவ்விழையினுள் மின்வாயைச் செலுத்திக் கணத்தாக்கத்தை உள்ளிருந்தே அளந்தோர் அலன் ஹொட்ஜ்கின், அன்ரூ ஹக்ஸ்லி ஆகிய இருவர், இடம் இங்கிலாந்தின் பிளிமத், ஆண்டு 1939. உட்புறத்து எதிரேற்றம் வெறுமனே அழிந்துபோகும் என யூலியஸ் பேர்ன்ஸ்ரைன் 1902இல் முன்வைத்த கொள்கைக்கு மாறாக, அது நேரேற்றமாக மாறுவதைக் கண்டு அவர்கள் வியந்தனர். வியப்பை விளக்குமுன் உலகப் போர் குறுக்கிட்டது. ஒருவர் றேடார் ஆக்கத்துக்கும் மற்றவர் பீரங்கி தொடர்பான கணிப்புகளுக்கும் செல்ல நேர்ந்தது. போருக்குப் பின் மீண்டும் கணவாயிடம் திரும்பி, 1952இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். கேம்பிறிட்ஜின் கணினி அப்போது பயன்படுத்தக்கூடிய நிலையில் இல்லாமையால் ஹக்ஸ்லி கையாற் சுழற்றும் கணிப்பானைக் கொண்டே வாரக்கணக்கிற் சமன்பாடுகளைத் தீர்த்தார். கால்வாய் என்ற பொருளை எவரும் கண்டிராத நிலையிலே, சமன்பாட்டிலிருந்து பெறப்பட்ட வேகம் செக்கனுக்கு 18.8 மீற்றர், கணவாயில் அளந்தது 21.2. தனியொரு கால்வாயினூடாகச் செல்லும் மின்னோட்டத்தை நேயரும் சாக்மனும் அளந்தது 1976இல். பொற்றாசியம் கால்வாய் ஒன்றின் அணுவமைப்பை மக்கினன் வெளியிட்டது 1998இல். அறியமுடியாத பொருள் என்பது ஒன்றில்லை, இன்னும் அறியப்படாத பொருளே உண்டு என்ற வாதத்துக்கு இந்த நாற்பத்தாறு ஆண்டுக் கதையைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்குச் செல்கையிற் கணத்தாக்கம் பெரும்பாலும் ஓர் இடைவெளியைச் சந்திக்கின்றது. நரம்புத் தொகுதி தொடர்ச்சியான வலை என்றார் கொல்ஜி. தனித்தனிக் கலங்களாலானது என்றார் கஹால். 1906இல் இருவருக்கும் ஒரே நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது; பரிசேற்பு உரையிலும் கொல்ஜி மறுகருத்தை மறுத்தே பேசினார். காலம் கஹாலின் பக்கம் நின்றது. இடைவெளியை மின் தாண்டுவதில்லை. இழையின் நுனியிலிருந்து வெளியாகும் இரசாயனப் பொருளே தாண்டுகின்றது. ஒற்றோ லூவி 1921இல் இரு தவளை இதயங்களைக் கொண்டு இதனைக் காட்டினார்: ஒன்றின் நரம்பைத் தூண்டி, அது நனைந்திருந்த திரவத்தை மற்றதனிடம் சேர்த்தபோது மற்ற இதயத்தின் துடிப்பும் தளர்ந்தது. அப்பொருள் அசற்றைல்கோலின் எனப் பின்னர் தெளிவாயிற்று. சில இரசாயனப் பொருள்கள் அடுத்த கலத்தைத் தூண்டும், சில அடக்கும். ஆயிரக்கணக்கான இணைப்புகளிலிருந்து வரும் தூண்டலையும் அடக்கலையும் கூட்டிக் கழித்தே ஒரு கலம் தான் கணத்தாக்கம் எழுப்புவதா இல்லையா என்பது முடிவாகின்றது.

இங்கு சற்று விலகிச்செல்ல வேண்டியுள்ளது. வேலை முடிந்த அசற்றைல்கோலினை ஒரு நொதியம் உடனே சிதைத்துவிடும். அந்நொதியத்தை முடக்கினால் தசைகளுக்கு ஓயாத கட்டளை சென்று, இறுதியில் மூச்சே நின்றுபோகும். ஜேர்மனியின் ஐ. ஜி. பார்பன் நிறுவனத்திற் பூச்சிகொல்லி தேடிய கேர்காட் ஷ்றாடர் 1936இற் கண்ட சேர்வை அத்தகையது. நாசி அரசு அதனைப் போர் நஞ்சாக ஆக்கியது. அதே குடும்பத்தைச் சேர்ந்த சேதனப் பொசுபரசுச் சேர்வைகள் பின்னர் உலகெங்கும் வயல்களுக்கு விற்கப்பட்டன. முகமூடியோ கையுறையோ இன்றி அவற்றைத் தெளித்த நம் நாட்டுக் கமக்காரரும் கூலியாட்களும் அனுபவித்த தலைச்சுற்று, வாந்தி, தசைத்துடிப்பு ஆகியவை மேலே விவரித்த இடைவெளியில் நிகழ்ந்தவையே. இவற்றுட் கொடியனவான மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகியன இலங்கையில் 1995இல் தடைசெய்யப்பட்டன. பூச்சிகொல்லி நச்சினால் நேர்ந்த இறப்புகள் அதன்பின் கணிசமாகக் குறைந்தன. நரம்பின் உடற்றொழிலியல் யாருடைய உடலிற் கற்கப்படுகின்றது என்ற வினா வகுப்பறைக்கு வெளியேயுள்ளது என்று எண்ணுவதற்கில்லை.

இதுவரை கூறியது கடத்தல் பற்றியது. தூண்டல் முதலில் எவ்வாறு மின்னாகின்றது என்பதே நம் வினாவுக்கு நெருக்கமானது. அதற்கெனச் சிறப்பான வாங்கிகள் உள்ளன. தோலிலே தொடுகையை உணரும் இழை நுனிகளில், சவ்வு இழுபடும்போது திறக்கும் புரதக் கால்வாய் ஒன்று உண்டு. அத்தகைய இரு புரதங்களை ஆடெம் பற்றப்பூற்றியனின் ஆய்வுக்குழு 2010இல் இனங்கண்டது. கண்ணின் நிலை வேறு. மங்கல் ஒளியிற் பயன்படும் கோல் கலங்களிற் கால்வாய்கள் இருளிலே திறந்திருக்கும். ஒளித்துணிக்கை ஒன்று பட்டதும் இரசாயன மாற்றத் தொடரொன்றின் இறுதியில் அவற்றுட் சில மூடும். அதாவது இக்கலம் இருளில் ஓயாது இரசாயனத்தைச் சுரந்து, ஒளியில் அடங்குகின்றது. ஒளி அங்கே ஒளியாகப் பதிவதில்லை. ஒரு சுரப்பின் குறைவாகவே பதிகின்றது. ஒரு கண்ணிலுள்ள கோல் கலங்கள் பத்துக் கோடிக்கு மேல். கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளோ ஏறத்தாழ பத்து இலட்சம். நூறு பேர் கூறியதை ஒருவர் எடுத்துச் செல்லும் இந்த ஏற்பாட்டைக் கண்ணாடி என்று எவ்வாறு அழைப்பது?

வாங்கியில் எழும் மின்மாற்றம் தூண்டலின் வலிமைக்கேற்பக் கூடியும் குறைந்தும் அமையும். நரம்பிழையிலோ கணத்தாக்கம் எப்போதும் ஒரே அளவு. அவ்வாறாயின் மென்மையான தொடுகைக்கும் பலமான அழுத்தத்துக்குமுள்ள வேறுபாடு எவ்வாறு மூளையை அடைகின்றது? எட்கார் ஏட்ரியனும் ஸொற்றர்மனும் 1926இல் வெளியிட்ட ஆய்வில் விடை கிடைத்தது. தவளையின் சிறு தசையொன்றிற் பாரத்தைத் தொங்கவிட்டுத் தனியொரு நரம்பிழையின் கணத்தாக்கங்களை அவர்கள் பதிவுசெய்தனர். பாரம் கூடியபோது கணத்தாக்கத்தின் உருவம் மாறவில்லை. ஒரு செக்கனில் அது நிகழும் தடவைகளே கூடின. பாரம் மாறாமல் நீடித்தபோது தடவைகள் படிப்படியாகக் குறைந்தன. காலையில் அணிந்த சட்டையை நண்பகலில் நாம் உணராதிருப்பது இதனாலேயே. நரம்பு நிலைமையைக் காட்டிலும் மாற்றத்தையே விதந்து அறிவிக்கின்றது.

தொடர்ந்து நடந்த பதிவுகளில் மற்றொரு செய்தியும் உறுதியாயிற்று. கண்ணின் நரம்பிலும் காதின் நரம்பிலும் தோலின் நரம்பிலும் செல்லும் கணத்தாக்கங்கள் அடிப்படையில் ஒரே தன்மையானவை. ஒளியின் நரம்பில் ஒளியுமில்லை, ஓசையின் நரம்பில் ஓசையுமில்லை. இதனை முல்லர் முன்னரே வேறு வழியில் உய்த்துணர்ந்திருந்தார். மூடிய கண்ணின் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்தினால் ஓர் ஒளிவட்டம் தெரியும். அங்கே ஒளி இல்லை, அழுத்தமே உண்டு. ஆகவே நாம் உணர்வது வெளிப்பொருளின் பண்பையன்று, நமது நரம்பின் பண்பையே என்றார் முல்லர். ஹெல்ம்ஹோல்ற்ஸ் அதனைத் தொடர்ந்து, புலனுணர்வுகள் பொருள்களின் பிரதிமைகள் அல்ல, குறியீடுகள் மாத்திரமே என வகுத்தார். முல்லரை உடற்றொழிலியற் கருத்துமுதல்வாதிகளுள் ஒருவராகப் பொயர்பாக் இனங்கண்டதை எடுத்துக்காட்டி, ஹெல்ம்ஹோல்ற்சின் குறியீட்டுக் கொள்கையையும் லெனின் 1909இல் வெளிவந்த தமது தத்துவ நூலிலே தாக்கினார். குறியீடு எனின் அது சுட்டும் பொருள் இல்லாமலும் இருக்கலாம் என்ற ஐயத்துக்கு அக்கொள்கை வழிவிடுகின்றது என்பது லெனினின் கண்டனம்.

இவ்விவாதத்தை நம் விமர்சகர்கள் பலர் ஒரு வரியில் முடித்துவிடுகின்றனர்: லெனின் சரி, ஹெல்ம்ஹோல்ற்ஸ் பிழை. ஏட்ரியனின் பதிவுகளைப் பார்த்தபின் அவ்வளவு எளிதாக முடித்தல் இயலாது. நரம்பில் உருவம் இல்லை. ஒரே வகைத் துடிப்புகளின் தொடரே உண்டு. அந்த அளவில் ஹெல்ம்ஹோல்ற்ஸ் கண்டது உண்மை. ஆனால் அத்தொடர் தன்னிச்சையானதன்று. பாரம் இவ்வளவு கூடினாற் துடிப்பு இவ்வளவு கூடும் என்ற விதிமுறையான உறவு, பொருளுக்கும் நரம்புக்குமிடையே நிலவுகின்றது. குறியீடு என்ற சொல்லிலே இந்த உறவு மறைந்துபோகின்றது. கண்ணாடி என்ற சொல்லிலே நரம்பின் வேலை மறைந்துபோகின்றது. லெனினின் கண்டனத்தில் நிலைத்து நிற்பது முதலாவதைப் பற்றிய எச்சரிக்கை. இரண்டாவதைப் பற்றிய எச்சரிக்கையை நாம் வேறிடத்தில் தேடவேண்டும்.

மிளகாயை எடுத்துக்கொள்வோம். உறைப்பு நாவை ‘எரிக்கின்றது’ என்கிறோம். இதனை ஓர் உருவகம் என்றே இலக்கண வகுப்பிற் கற்பித்திருப்போம். டேவிட் ஜூலியசின் ஆய்வுக்குழு 1997இற் கண்டறிந்த கால்வாய்ப் புரதம் ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்துக்குத் திறப்பது. மிளகாயின் காரப்பொருளுக்கும் திறப்பது. ஜூலியசும் பற்றப்பூற்றியனும் 2021ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஆகவே மிளகாய் எரிகின்றது என்ற பேச்சில் உருவகம் ஏதுமில்லை. நரம்பு மூளைக்கு அனுப்பும் செய்தியின் சொல்லுக்குச் சொல்லான மொழிபெயர்ப்பே அது. ஆனால் அச்செய்தி பொய். நாவில் தீயில்லை. நரம்புக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்தத் தெரியாது. வேறுபடுத்துவது நாமே. அடுப்பில் வைத்த கையையும் மிளகாய் அரைத்த கையையும் கொண்டு, தழும்பைக் கண்டும் காணாமலும், பின்னாளில் வெப்பமானியைக் கொண்டும் மனிதர் இவ்வேறுபாட்டைக் கற்றனர். சிந்தனையின் உண்மையை நடைமுறையிலேயே நிறுவவேண்டும் என்ற மார்க்சின் கருத்து, அறிவின் இந்த அடிமட்டத்திலும் பொருந்துகின்றது. தனியொரு கணத்தாக்கம் பொருளைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லாது. செயலாற்றும் உடலொன்றிற் பல வழிகளால் வந்துசேரும் கணத்தாக்கங்கள் ஒன்றையொன்று திருத்திக்கொண்டு சொல்கின்றன.

1959இல் லெற்வினும் மத்துரானாவும் மக்கலக்கும் பிற்சும் தவளையின் கண் பற்றி வெளியிட்ட கட்டுரை இதனை இன்னொரு பக்கத்திலிருந்து தெளிவாக்குகின்றது. தவளையின் கண்ணிலிருந்து செல்லும் இழைகளுட் சில, சிறிய கரிய வளைவான பொருளொன்று அசையும்போதே சிறப்பாகத் துடித்தன. வயிறு நிறைய உண்ணத்தக்க ஈக்கள் சுற்றிலும் கிடந்தாலும், அவை அசையாவிடின் தவளை பட்டினியால் இறந்துபோகும் என அவ்வாய்வாளர் குறிப்பிட்டனர். தவளையின் கண் குளத்தைப் படம்பிடிப்பதில்லை. தவளை உயிர்வாழத் தேவையானதைக் குளத்திலிருந்து பிரித்தெடுக்கின்றது. அப்பிரித்தெடுப்பு, இனத்தின் நெடிய வாழ்க்கைப் போராட்டம் கண்ணிலே விட்டுச்சென்ற படிவு.

மனிதனிடத்தில் இப்படிவுக்கு மேலாக வேறொன்று சேர்கின்றது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது, ஆறாவதாகிய மனத்தை ஐம்புலன்களுக்குமேல் ஒரு படியாகவே வைத்தது. அக்காலத்துக்கு அது வியக்கத்தக்க வகைப்பாடு. எனினும் ஆறாவது ஏனைய ஐந்தையும் மாற்றியமைக்கின்றது என்பதே மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளில் வலியுறுத்தியது. மனிதனின் ஐம்புலன்களும் இயற்கை தந்தபடியே இருப்பவையல்ல, இதுவரையான உலக வரலாறு முழுவதினதும் உழைப்பால் உருவானவை என்பது அவர் கருத்து. அன்று அது தத்துவக் கூற்று. ஹியூபலும் வீசலும் 1960களிற் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த முதல் வாரங்களில் மூடிவைத்துப் பின்னர் திறந்தபோது, அக்கண் பழுதின்றி இருந்தும் மூளையின் பார்வைப் பகுதிக் கலங்கள் அதற்கு அநேகமாகத் துலங்கவில்லை. கண் இருந்தாற் போதாது; உரிய காலத்திலே பார்த்திருக்கவும் வேண்டும். பூனைக்கும் மனிதனுக்கும் பொதுவான இவ்விதி, மனித வாழ்க்கையிற் சமூக வரலாற்றோடு பிணைந்துவிடுகின்றது. எதைப் பார்க்கவும் கேட்கவும் பழகினோம் என்பதை வீடும் சாதியும் வகுப்பும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

கணத்தாக்கம் எப்போது, எவ்வாறு சிவப்பு என்ற உணர்வாகவும் துயரம் என்ற உணர்வாகவும் ஆகின்றது என்பது இன்றும் விடைகாணாத வினா. 1872இல் டு புவா றேமோன் இதனை ஒருபோதும் அறியமாட்டோம் என்று ஓர் உரையிலே அறிவித்தார். அவருடைய ஆசிரியரும் நரம்பின் வேகத்தைப் பற்றி அவ்வாறே கருதியிருந்தார் என்பதை ஏலவே கண்டோம். ஆயினும் பொருள்முதல்வாதி ஒருவர் இவ்வினா தீர்ந்துவிட்டதாகப் பேசுவாராயின் அவரும் உண்மை பேசுபவரல்லர்.

நமது துறைக்கு இதிலிருந்து பெறத்தக்கது ஒன்றுண்டு. நூல் மதிப்புரைகளில் ‘வாழ்க்கையை அப்படியே படம்பிடித்துள்ளார்’ என்ற பாராட்டு இன்றும் தாராளமாக வழங்கப்படுகின்றது. 1960களின் முற்பகுதியில் ‘இழிசனர் வழக்கு’ என்ற பெயரில் நிகழ்ந்த விவாதத்தை நினைத்துப் பார்க்கலாம். தொழிலாளரினதும் தாழ்த்தப்பட்டோரினதும் பேச்சைக் கதைகளிற் கையாண்டமைக்காகவே அன்று முற்போக்கு எழுத்தாளர்கள் பழிக்கப்பட்டனர். அப்பேச்சு பண்டிதர்களின் செவியில் விழாததன்று. வயல் வரம்பிலும் வீட்டு முற்றத்திலும் அது அவர்கள் காதிற் பட்டது. அவர்களது செவிநரம்பிலும் மற்றவர்களின் நரம்பிலே எழுந்த அதே கணத்தாக்கங்களே எழுந்தன. அவற்றை இலக்கியத்துக்குரிய மொழியாகக் கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை. எழுத்தாளர்கள் அன்று செய்தது படம்பிடித்தல் அன்று. கேட்கப் பழகாத செவிகளுக்கு அதனைக் கேட்கச் செய்தல்.